உடைப்பதற்கென்றே ஒரு லேப்: கல்லூரியில் சைபர் பாதுகாப்பு வகுப்பறை அமைக்கும்போது

சைபர் பாதுகாப்பு லேபுக்கு நிதி ஒதுக்கியதும் எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை சிஸ்டம், என்ன ப்ராசஸர் என்பதுதான். அதற்கு முன்பே இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். மாணவர் தொடுக்கும் தாக்குதல் அந்த அறையைத் தாண்டாமல் இருக்குமா? அவர் குலைத்துப் போட்ட இயந்திரம் அடுத்த பேட்ச் உள்ளே வருவதற்குள் பழைய நிலைக்குத் திரும்புமா? இந்த இரண்டும் உறுதியாக இருந்தால் பத்து வருடப் பழைய டெஸ்க்டாப்பை வைத்தும் நல்ல பாடம் நடத்தலாம். இல்லையென்றால் எவ்வளவு செலவழித்த லேபும் ஒரு மாதத்தில் "கையை வைக்காதே, நான் செய்துகாட்டுகிறேன்" என்ற நிலைக்குப் போய்விடும். செய்துகாட்டுவதைப் பார்த்து இந்தப் பாடத்தை யாரும் கற்றுக்கொள்ள முடியாது.

கீழே உள்ள கணக்கெல்லாம் நம் பொறியியல் கல்லூரிகளின் வழக்கமான அளவுக்கு: 60 பேர் கொண்ட பிரிவு, 30 பேராக இரண்டு பேட்ச், ஒவ்வொன்றுக்கும் 50 நிமிடப் பீரியட் மூன்று.

ஒரே சர்வரா, முப்பது சிஸ்டமா

ஒவ்வொரு மாணவர் கணினியிலும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு விஎம்களை (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினிகளை) ஏற்றுவது மலிவான வழி. வீட்டில் தனியாகப் படிப்பவருக்கு அது போதும். முப்பது பேருக்கு அது சரிவராது. பயாஸில் விடி-எக்ஸ் (விஎம் ஓட ப்ராசஸர் தரும் வசதி) அணைந்து கிடக்கும் சிஸ்டம் நாலைந்தாவது இருக்கும். அதே வசதியைப் பிடித்துக்கொள்ளும் விண்டோஸின் ஹைப்பர்-வி அல்லது மெமரி இன்டெக்ரிட்டி இயங்கிக்கொண்டிருந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் கீழ்மூலையில் பச்சை ஆமைச் சின்னம் தெரியும். அன்றைக்கு அந்த மாணவருக்கு எல்லாமே மெதுவாகத்தான் நகரும். ஆப்பிளின் எம் வகைச் சில்லுள்ள லேப்டாப்பில் எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) விஎம் பயன்படும் வேகத்தில் ஓடாது. முதல் பீரியட் முழுவதும் இவற்றைச் சரிசெய்வதிலேயே போய்விடும்.

ஆகவே ப்ராக்ஸ்மாக்ஸ் போன்ற, பல விஎம்களை ஓட்டும் இலவச மென்பொருள் ஏற்றிய ஒரு சர்வர், மாணவர் பக்கம் வெறும் பிரவுசர். பழைய லேப் கணினிகள் அப்படியே இருக்கலாம்.

ரேம் கணக்கு: ஒரு மாணவருக்கு மூன்று விஎம். தாக்குவதற்கு ஒரு காலி (Kali) லினக்ஸ், அதாவது தாக்குதல் கருவிகளோடு வரும் லினக்ஸ், 3 ஜிபி. தாக்கப்படுவதற்கு மெட்டாஸ்ப்ளாய்டபிள் 2 அல்லது அதுபோன்ற ஓட்டை நிறைந்த இயந்திரம், 1 ஜிபி. கண்காணிப்பதற்கு சூரிகாட்டா (நெட்வொர்க்கில் தாக்குதலைக் கண்டறியும் மென்பொருள்) நிறுவிய உபுண்டு, 2 ஜிபி. தலைக்கு 6 ஜிபி என்றால் 30 பேருக்கு 180. சர்வரின் சொந்தத் தேவைக்கு 16. ஆக 256 ஜிபி வாங்கினால் கொஞ்சம் மிச்சமிருக்கும். 32 கோர் போதும். எல்லோரும் ஒரே நேரத்தில் பாஸ்வேர்டு உடைக்கும் வாரத்தில் மட்டும் திணறும். அந்த வாரத்துக்கு, பாஸ்வேர்டாக முயன்றுபார்க்கும் சொற்பட்டியலைச் சிறிதாக்கிவிட வேண்டும்.

காசை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் டிஸ்க். சுழலும் ஹார்டு டிஸ்கில் 90 விஎம்களை ஒன்றாக எழுப்பினால் லாகின் திரை வருவதற்கே பாதி வகுப்பு போய்விடும். என்விஎம்ஈ எஸ்எஸ்டி இரண்டு, ஒவ்வொன்றும் 2 டிபி, ஒன்றன் பிரதியாக மற்றொன்று. அப்போதும் எல்லாவற்றையும் ஒரே நொடியில் எழுப்ப வேண்டாம். 5 விநாடிக்கு ஒன்றாக எழுப்பினால் 90 விஎம்களுக்கு ஏழரை நிமிடம். பேட்ச் மாறும் இடைவெளிக்குள் முடிந்துவிடும்.

ஒவ்வொரு விஎம்மையும் முழு நகலாக எடுக்காமல் ஒரே டெம்ப்ளேட்டிலிருந்து லிங்க்டு குளோனாக எடுத்தால், மாறிய பகுதி மட்டும் இடம் பிடிக்கும். இதிலும் ஒரு பொறி உண்டு. தின் பூலில் (தேவைக்கேற்ப மட்டும் இடம் கொடுக்கும் பொது டிஸ்க் பகுதியில்) விஎம்களுக்கு எழுதிவைத்த மொத்த அளவு உண்மையான டிஸ்கைவிடப் பெரிதாக இருக்கும். யாரோ ஒரு மாணவர் நெட்வொர்க் பாக்கெட்டுகளைப் பதிவுசெய்யும் வயர்ஷார்க்கை ஓடவிட்டு மறந்துபோனாலே பூல் நிரம்ப ஆரம்பிக்கும். முழுக்க நிரம்பிவிட்டால் அவர் விஎம் மட்டுமல்ல, அந்தப் பூலில் இருக்கும் எல்லா விஎம்களும் டிஸ்கில் எழுத முடியாமல் உறைந்துவிடும். 80 சதவீதத்தில் எச்சரிக்கை மின்னஞ்சல் வரும்படி வைத்துவிடுங்கள்.

வேலி

இந்த லேபின் உயிர்நாடி நெட்வொர்க் பிரிப்பு. மற்ற எதையும் பிறகு சரிசெய்துகொள்ளலாம். இதை முதல் நாளே சரியாகச் செய்திருக்க வேண்டும்.

மாணவர் விஎம்கள் இணைந்திருக்கும் மெய்நிகர் பிரிட்ஜில் (சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் ஸ்விட்சில்) எந்த நிஜ நெட்வொர்க் போர்ட்டும் சேரக் கூடாது. ஃபயர்வால் விதி எழுதித் தடுப்பது வேறு, போகும் பாதையே இல்லாமல் செய்வது வேறு. விதியை யாராவது அவசரத்துக்குத் தளர்த்திவிட்டு மறந்துபோவார்கள். இல்லாத கேபிள் வழியாக எதுவும் வெளியே போகாது. விர்ச்சுவல்பாக்ஸில் செய்வதானால் 'இன்டர்னல் நெட்வொர்க்'தான் இதற்கு ஈடு. 'பிரிட்ஜ்டு' முறையில் வைத்துவிட்டு ஏஆர்பி ஸ்பூஃபிங் (மற்றவர் போக்குவரத்தைத் தன் பக்கம் திருப்பும் தாக்குதல்) பாடம் எடுத்தால், அதே நெட்வொர்க் துண்டில் இருக்கும் அலுவலகக் கணினிகளின் போக்குவரத்து மாணவர் திரைக்கு வந்துவிடும். டிஎச்சிபி ஸ்டார்வேஷன் (ஐபி வழங்கும் டிஎச்சிபி சேவையின் முகவரிகளைத் தீர்த்துவிடும் தாக்குதல்) செய்தால் அந்தத் துண்டில் புதிதாக இணையும் யாருக்கும் ஐபி முகவரி கிடைக்காது.

இருக்கைக்கு ஒரு விலான் (ஒரே ஸ்விட்சுக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க்). 7ஆம் இருக்கை என்றால் விலான் எண் 107, முகவரி 10.20.7.0/24, காலி .10, இலக்கு .20, கண்காணிப்பு .30. இதே எண் விஎம் பெயரிலும், மேசையில் ஒட்டிய சீட்டிலும், ரெக்கார்டு நோட்டிலும் இருக்கட்டும். ஒருவர் கை தூக்கியதும் எந்த இயந்திரம் என்று தேட வேண்டியிருக்காது.

பலர் கவனிக்காமல் விடுவது ஐபிவி6. இருக்கைக்கு ஒரு தனிப் பிரிட்ஜ் என்று அமைத்தால், அந்தப் பிரிட்ஜில் சர்வருக்கு நாம் ஐபி கொடுக்காவிட்டாலும் லினக்ஸ் தானாகவே ஒரு லிங்க்-லோக்கல் (அந்த நெட்வொர்க் துண்டுக்குள் மட்டும் செல்லும்) முகவரியை எடுத்துக்கொள்ளும். அதைப் பிடித்துக்கொண்டு காலியிலிருந்து சர்வரின் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து லாகின் செய்யும்) போர்ட்டைத் தட்ட முடியும். விலான் அறிந்த ஒரே பிரிட்ஜில் விலான் எண்ணை டேக்காகப் போட்டுப் பிரித்தால் இந்தச் சிக்கல் வராது. தனிப் பிரிட்ஜ்தான் வேண்டும் என்றால் அவற்றில் ஐபிவி6ஐ அணைத்துவிடுங்கள்.

வெளிப்பாதை இல்லாத விஎம்முக்குள் மாணவர் எப்படி நுழைவது? ப்ராக்ஸ்மாக்ஸின் பிரவுசர் கன்சோல் விஎம்மின் நெட்வொர்க்கைத் தொடுவதே இல்லை. திரையை மட்டும் காட்டுகிறது. மாணவருக்கென்று தனி ரோல் உருவாக்கி நான்கு உரிமைகள் மட்டும் கொடுத்தால் போதும்: விஎம்மின் நிலையைப் பார்ப்பது, கன்சோல் திறப்பது, ஆன்-ஆஃப் செய்வது, ஸ்னாப்ஷாட்டுக்கு (முன்பு சேமித்துவைத்த நிலைக்கு) திரும்புவது. ஆசிரியர், லேப் அசிஸ்டென்ட் கணக்குகளுக்குக் கட்டாயம் இரண்டாம் அடுக்குக் குறியீடு. இந்த வழியில் ஒரு குறை இருக்கிறது: இயல்பு அமைப்பில், வெளியே நகலெடுத்ததை உள்ளே ஒட்ட முடியாது. நீளமான கட்டளைகளையும் பேலோடுகளையும் (தாக்குதலுக்கு அனுப்பும் குறிமுறைகளையும்) காலியின் ஹோம் கோப்புறையில் ஒரு உரைக் கோப்பாக முன்பே வைத்துவிட வேண்டும்.

ஒவ்வொரு வகுப்புக்கும் முன் மூன்று நிமிடச் சோதனை: ஏதாவது ஒரு காலியிலிருந்து வளாக கேட்வேக்கு பிங், ஒரு வெளித்தளத்தின் பெயரைத் தேடுதல், பக்கத்து இருக்கையின் .20க்கு பிங். மூன்றும் தோற்க வேண்டும். ஒன்று வென்றாலும் அந்த வகுப்பைத் தொடங்காதீர்கள்.

மீட்பு, டெம்ப்ளேட்

ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது விஎம்மை அணைத்துவிட்டு, ரேம் நிலையைச் சேர்க்காமல் எடுங்கள். ரேமோடு எடுத்தால் கோப்பு பெரிதாகும். அதோடு, மீட்டதும் விஎம்மின் கடிகாரம் ஸ்னாப்ஷாட் எடுத்த நாளில் நிற்கலாம். அன்று நேரத்தை வைத்து மாறும் டிஓடிபி குறியீடும், கெர்பரோஸ் என்ற லாகின் முறையும் வேலை செய்யாது. கெர்பரோஸ் இயல்பாகப் பொறுத்துக்கொள்வது 5 நிமிட வித்தியாசம்தான்.

மீட்கும் உரிமையை மாணவரிடமே கொடுத்துவிடுவது லேபின் குணத்தையே மாற்றும். தப்பாகிவிடுமோ என்ற பயம் போய், கோப்பை அழித்துப் பார்க்கலாம், சேவையை நிறுத்திப் பார்க்கலாம் என்ற துணிச்சல் வரும். இந்தப் பாடத்துக்கு அந்தத் துணிச்சல்தான் முதல் தேவை.

டெம்ப்ளேட் செய்யும்போது வரும் மிகப் பொதுவான கோளாறு: உபுண்டு குளோன்கள் எல்லாம் ஒரே ஐபியைப் பெற்றுக்கொள்ளும். நெட்வொர்க் அட்டையின் மேக் முகவரி ஒவ்வொன்றுக்கும் வேறாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு டிஎச்சிபி சர்வரைச் சந்தேகிப்பார்கள். காரணம் மெஷின்-ஐடி கோப்பு. உபுண்டு 18.04 முதல் சர்வர் பதிப்புகள் டிஎச்சிபியிடம் தங்களை அடையாளம் காட்டுவது மேக் முகவரியால் அல்ல, இந்தக் கோப்பிலிருந்து உருவாகும் எண்ணால். டெம்ப்ளேட்டை மூடும் முன் அந்தக் கோப்பின் உள்ளடக்கத்தைக் காலிசெய்ய வேண்டும். கோப்பையே நீக்கிவிடாமல், 0 பைட் கோப்பாக விட்டுவைத்தால் முதல் துவக்கத்தில் புதிய எண் உருவாகும். எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகளையும் அழித்துவிட்டு, முதல் துவக்கத்தில் புதிதாக உருவாகும்படி வையுங்கள். இல்லையென்றால் முப்பது இயந்திரங்களும் ஒரே கைரேகையைக் காட்டும். நடுவில் புகும் தாக்குதலை விளக்கும் வகுப்பில் மாணவர்கள் குழம்பிப்போவார்கள்.

பயிற்சிகள் எங்கே மாட்டிக்கொள்ளும்

பாடத்திட்டத்தைச் சுழியிலிருந்து எழுத வேண்டியதில்லை. அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய சீட் லேப்ஸ் பயிற்சிகள் இலவசமாகக் கிடைக்கின்றன; விளக்கக் குறிப்புகளும் உண்டு. வலைத்தள ஓட்டைகளுக்கு டிவிடபிள்யூஏ, ஓவாஸ்பின் ஜூஸ் ஷாப் என்ற, வேண்டுமென்றே ஓட்டை வைத்த தளங்கள். ஆனால் எந்தப் பயிற்சியானாலும் ஆசிரியர் அதை மாணவர் கணக்கில், மாணவர் விஎம்மில், ஒருமுறை தொடக்கம் முதல் முடிவு வரை செய்து பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். அட்மின் கணக்கில் ஓடியது மாணவர் கணக்கில் ஓடும் என்று நம்பிவிடக் கூடாது.

பாக்கெட் பிடித்தல்: எளிமையான பயிற்சி என்று முதல் வாரத்தில் வைப்பார்கள். மாணவருக்குத் தன் சொந்தப் பாக்கெட்டுகளும் பிராட்காஸ்ட்டும் மட்டுமே தெரியும். பிரிட்ஜ் எந்த மேக் எந்தப் பக்கம் என்று கற்றுக்கொண்டு அந்தப் பக்கம் மட்டும் அனுப்புவதே காரணம். பிரிட்ஜின் ஏஜிங் நேரம் (கற்ற மேக்கை நினைவில் வைத்திருக்கும் காலம்) இயல்பாக 300 விநாடி. அதை 0 ஆக்கினால் பழைய ஹப் போல எல்லாப் பக்கமும் அனுப்பும். முதலில் 300இல் விட்டு, ஏன் தெரியவில்லை என்று கேட்டுவிட்டு, பிறகு 0 ஆக்குவது நல்லது. ஸ்விட்ச் என்ன செய்கிறது என்பதை அந்தப் பத்து நிமிடம் நன்றாகவே புரியவைத்துவிடும். கண்காணிப்பு விஎம்முக்கும் இதே அமைப்பு வேண்டும். இல்லாவிட்டால் சூரிகாட்டாவின் கண்ணுக்கு எதுவும் படாது.

பாஸ்வேர்டு உடைத்தல்: காலியிலேயே ஒரு பயனரை உருவாக்கி, அதன் ஹாஷை (பாஸ்வேர்டைத் திருப்ப முடியாதபடி மாற்றிய வடிவத்தை) உடைப்பதற்கான ஜான் மென்பொருளில் கொடுத்தால் "ஹாஷ் எதுவும் இல்லை" என்று சொல்லிவிடும். காலிக்கு அடிப்படையான டெபியனில் 11ஆம் பதிப்பு முதல் இயல்பான ஹாஷ் முறை யெஸ்க்ரிப்ட். ஜானுக்கு வடிவம் 'க்ரிப்ட்' என்று தனியாகச் சொல்ல வேண்டும். சொன்னாலும் மிக மெதுவாகத்தான் போகும், யெஸ்க்ரிப்ட் அதற்காகவே உருவாக்கப்பட்டது. ஒரே பாஸ்வேர்டை எம்டி5 க்ரிப்ட்டிலும் யெஸ்க்ரிப்ட்டிலும் வைத்து இரண்டு வேகங்களையும் நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். ராக்யூ சொற்பட்டியலில் 1.4 கோடிக்கும் மேற்பட்ட வரிகள். வகுப்புக்கு முதல் 50,000 வரி போதும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத விஎம்மில், அந்தக் கார்டை நம்பி உடைக்கும் ஹாஷ்கேட்டைத் திணிக்க வேண்டாம்.

பஃபர் ஓவர்ஃப்ளோ (ஒதுக்கிய இடத்துக்கு மேல் எழுதி நினைவகத்தைக் குலைக்கும் தாக்குதல்): அதிகம் பேர் மனம் தளர்வது இங்கேதான். முகவரிச் சீரற்றமாக்கலை அணைக்க வேண்டும், ஸ்டாக் காவலை நீக்கித் தொகுக்க வேண்டும், ஸ்டாக்கில் குறிமுறை ஓட அனுமதிக்க வேண்டும், பிஐஈயை (புரோகிராமை வெவ்வேறு முகவரியில் ஏற்றும் வசதியை) அணைக்க வேண்டும், 32 பிட்டில் தொகுக்கத் தனி மென்பொருள் நிறுவ வேண்டும். எல்லாம் செய்த பிறகும் ஜிடிபி என்ற பிழைதிருத்திக்குள் வேலை செய்த முகவரி வெளியே வேலை செய்யாது. ஜிடிபி தன் பங்குக்குச் சில சூழல் மாறிகளைச் சேர்ப்பதால் ஸ்டாக் சில பைட்டுகள் நகர்ந்துவிடுகிறது. சில நூறு பைட் நோப் சறுக்கு (எதுவும் செய்யாத கட்டளைகளின் வரிசை) வைத்தால் அந்த வித்தியாசத்தைத் தாங்கும். ரூட் ஷெல் கிடைக்க வேண்டிய இடத்தில் சாதாரண ஷெல் கிடைத்தால் காரணம் டேஷ் என்ற ஷெல்: செட்யூஐடி (கோப்பின் உரிமையாளர் உரிமையோடு ஓடும்) நிலையைக் கண்டதும் அது உரிமையைக் கைவிடும். சீட் லேப்ஸ் பயிற்சிகளில் ஷெல் இணைப்பை இசட்-ஷெல்லுக்கு மாற்றச் சொல்வது இதனால்தான். இந்தப் பயிற்சிக்கு ஒரு வகுப்பு போதாது. முதல் வகுப்பில் புரோகிராமை வீழ்த்துவதும் திரும்பும் முகவரியைக் கண்டுபிடிப்பதும் மட்டும், இரண்டாவதில் மீதி. இரண்டு வகுப்புக்கும் நடுவில் மாணவர் விஎம்மை மீட்காமல் விட்டுவைக்க மறக்காதீர்கள்.

மெட்டாஸ்ப்ளாய்டபிளில் விஎஸ்எஃப்டிபிடி 2.3.4 (கோப்புப் பரிமாற்ற சர்வர் மென்பொருள்): 2011இல் இதன் மூலக்குறிமுறைக் கோப்பில் யாரோ கள்ளக்கதவு வைத்தார்கள். பயனர் பெயரின் இறுதியில் சிரிப்பு முகக் குறி கொடுத்தால் 6200 போர்ட்டில் ரூட் ஷெல் திறக்கும். மாணவர்களுக்கு மிகவும் பிடிக்கும், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பழைய இணைப்பு சரியாக மூடாவிட்டால் இரண்டாம் முயற்சி தோற்கும். இலக்கை மறுதுவக்கம் செய்தால் போதும். இரண்டு நிமிடத்தில் முடிவதால், இதை மட்டும் செய்துவிட்டு வகுப்பை முடித்தால் ஒரு பொத்தானை அழுத்தக் கற்றுக்கொடுத்ததாகத்தான் ஆகும். மீதி நேரத்தைக் கண்காணிப்பு விஎம்முக்குக் கொடுங்கள்: 21ஆம் போர்ட்டில் வந்தது எது, 6200க்கு இணைப்பு எப்போது திறந்தது, அதைப் பிடிக்க சூரிகாட்டாவில் ஒரு விதி எப்படி எழுதுவது, 6200ஐ அடைத்தால் மட்டும் போதுமா.

எங்கள் கணக்கில் எந்தப் பயிற்சியிலும் தாக்குதலுக்கு மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் போகக் கூடாது. தடயம் தேடுவதற்கு ஒரு பங்கு, அடைப்பதற்கு ஒரு பங்கு. படிப்பு முடித்து வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் உட்காரப்போவது லாக் திரைக்கு முன்தான்.

லாக் என்றதும் நேரம். மெட்டாஸ்ப்ளாய்டபிள் 2 அமெரிக்கக் கிழக்கு நேரத்தில் வருகிறது. இந்திய நேரத்தோடு ஒன்பதரை மணி நேரம், அங்கே குளிர்காலமானால் பத்தரை மணி நேரம் வித்தியாசம். உபுண்டு சர்வர் யூடிசியில் இருக்கும், அது ஐந்தரை மணி நேரம். எல்லாவற்றையும் ஒரே நேரமண்டலத்துக்கு மாற்றி வைக்கலாம். அதைவிட, ஒரு வாரம் மாற்றாமல் விட்டு மூன்று லாக்குகளையும் மாணவரையே ஒத்துப்பார்க்கச் சொல்வது நிஜ வேலைக்கு நெருக்கமான பயிற்சி.

வைஃபை பாடத்துக்கு ரேடியோவே வேண்டாம் என்பது எங்கள் திடமான கருத்து. டீஆத் பாக்கெட் சுவரைத் தாண்டிப் பக்கத்து அறையின் இணைப்பையும் துண்டிக்கும். லினக்ஸ் கெர்னலில் மேக்80211-எச்டபிள்யூசிம் என்ற மாட்யூல் இருக்கிறது. ஒரே விஎம்முக்குள் போலி வைஃபை அட்டைகளை உருவாக்கி, ஒன்றை ஆக்சஸ் பாயின்டாகவும் இன்னொன்றைக் கிளையன்டாகவும் ஓட்டி, மூன்றாவதில் டபிள்யூபிஏ2 கைகுலுக்கலை (இணையும்போது நடக்கும் பரிமாற்றத்தை) பிடித்து உடைக்கலாம். அட்டை வாங்கும் செலவும் மிச்சம்.

நிஜ மால்வேரை இளங்கலை லேபுக்குள் கொண்டுவர வேண்டாம். ஆன்டிவைரஸ் எச்சரிக்கையைக் காட்ட 68 எழுத்துள்ள ஐகார் சோதனைக் கோப்பு போதும்.

அறை

மேசைகளைச் சுவரோரமாக ப வடிவில் போட்டால், ஆசிரியர் நடுவில் நின்று எல்லாத் திரையையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். சர்வரை அதே அறையில் வைக்காதீர்கள், விசிறிச் சத்தத்தில் பேசுவது கேட்காது. பூட்டிய ரேக், தனி ஏசி, குறைந்தது 15 நிமிடம் தாங்கும் யுபிஎஸ். கரன்ட் போனதும் யுபிஎஸ் சர்வருக்குச் சொல்லி, அது விஎம்களை முறையாக அணைக்கும்படி யுஎஸ்பி கேபிளையும் யுபிஎஸ்ஸைக் கவனிக்கும் நட் மென்பொருளையும் இணைத்துவிடுங்கள். 15 பேருக்கு ஒருவராவது உதவிக்கு வேண்டும். லேப் அசிஸ்டென்டோடு, முந்தைய ஆண்டு இந்தப் பாடத்தைச் செய்த மாணவர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

முதல் வகுப்பிலேயே ஒரு பக்க ஒப்புதல் படிவம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவு உரிமையாளர் அனுமதியின்றி கணினிக்குள் நுழைவதைப் பற்றியது; அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கையெழுத்து வாங்குவதோடு நிறுத்தாமல், "ஹாஸ்டல் வைஃபையை ஸ்கேன் செய்யலாமா", "கல்லூரித் தளத்தில் ஓட்டை தெரிந்தால் யாரிடம் சொல்வது" போன்ற கேள்விகளுக்கு நேரான பதில் சொல்லிவிடுங்கள். இரண்டாவது கேள்விக்குத் துறையில் ஒரு பெயரும் மின்னஞ்சலும் தயாராக இருக்க வேண்டும். நல்ல எண்ணத்தோடு வந்து சொல்லும் மாணவர் அலையக் கூடாது.

மதிப்பெண், செமஸ்டர் இறுதி

எல்லோருக்கும் ஒரே விடை என்றால் பத்தாவது நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றிவிடும். ஒவ்வொரு இலக்கிலும் வைக்கும் கொடியை (மாணவர் கண்டெடுத்துச் சமர்ப்பிக்கும் ரகசிய எழுத்துத்தொடரை), மாணவரின் பதிவு எண்ணையும் ஆசிரியரிடம் மட்டும் இருக்கும் ஒரு ரகசியச் சொல்லையும் சேர்த்து எச்மேக் (ரகசியச் சொல் சேர்த்த ஹாஷ்) முறையில் கணக்கிடுங்கள். முதல் 16 எழுத்து போதும். இருபது வரி பைத்தான் நிரலில் முப்பது கொடிகளும் உருவாகிவிடும். சரிபார்ப்பதும் அதே நிரல்தான். இன்னொருவர் கொடியை ஒருவர் சமர்ப்பித்தால் யாருடையது என்பதும் தெரியும். கொடிக்குப் பாதி மதிப்பெண், எப்படி அடைத்தார், லாகில் எங்கே தெரிந்தது என்ற அறிக்கைக்குப் பாதி. வைவாவில் ஒரே கேள்வி போதும்: இந்த வரியை மாற்றினால் என்ன ஆகும், இப்போதே செய்து காட்டுங்கள்.

செமஸ்டர் நடுவில் காலி லினக்ஸைப் புதுப்பிக்காதீர்கள். அது தொடர்ந்து உருளும் வெளியீடு. திங்கள் பேட்சுக்கு ஓடிய கருவி வியாழன் பேட்சுக்கு வேறு மாதிரி நடந்துகொள்ளும். செமஸ்டர் தொடங்கும் முன் ஒரு பதிப்பை உறையவைத்து, தேர்வு முடிந்த பிறகு டெம்ப்ளேட்டுக்கு மட்டும் தற்காலிகமாக இணையம் கொடுத்துப் புதுப்பித்து, மறுபடி துண்டியுங்கள். வெகுநாள் உறைந்திருந்த டெம்ப்ளேட் புதுப்பிக்க மறுத்தால் கையொப்பச் சாவியைப் பாருங்கள். 2025 ஏப்ரலில் காலி தன் களஞ்சியத்தின் கையொப்பச் சாவியை மாற்றியது; அதற்கு முந்தைய எந்த டெம்ப்ளேட்டிலும் புதிய சாவித்தொகுப்பைக் கையால் இறக்கி வைத்தால்தான் புதுப்பிப்பு தொடங்கும். அது முடிந்ததும் பழைய குளோன்களை அழித்து, 90ஐயும் புதிதாக எடுத்து, மூன்று நிமிட வேலிச் சோதனையை ஏதோ ஒரு இருக்கையில் என்றில்லாமல் முப்பது இருக்கையிலும் ஓட்டிவிடுங்கள்.